இறங்கித் திருக வேண்டிய பூட்டு

எங்களிடம் ஒரு பழைய டிரக் இருக்கிறது. டிரக் என்றதும் பத்துச் சக்கரமும் பின்புறத்தில் 'ஹார்ன் ப்ளீஸ்' எழுத்தும் கொண்ட லாரியை நினைத்துவிட வேண்டாம். பின்னால் திறந்த தொட்டி வைத்த இரண்டு கதவு வண்டியையும் அமெரிக்காவில் டிரக் என்றே சொல்கிறார்கள். நம்மூர்க் குட்டியானைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 1991-ஆம் ஆண்டு மாதிரி. சால்ட் லேக் சிட்டிக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், 2004-இல், எங்கள் அப்போதைய சம்பளத்துக்கு எட்டிய ஒரே நான்கு சக்கர இயக்க வண்டி அதுதான் என்பதால் வாங்கினோம். முன்னால் ஒரே நீள இருக்கை. எங்கள் இருவருக்கும் நடுவே மகளின் குழந்தை இருக்கையைக் கட்டிவிட்டால் கியர் மாற்றும்போதெல்லாம் அவள் முழங்காலில் இடிக்கும். அவள் அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

இந்த வண்டியின் முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறோம். கதையும் கவிதையும் படிக்க வந்தவர்களிடம் கிரீஸும் பேரிங்கும் பேசுவது முறையா என்ற தயக்கம் எங்களுக்கும் உண்டு. ஆனால் ஏறத்தாழ ஆறு மாதம் எங்கள் வீட்டில் பேசப்பட்டதும், பேசாமல் விடப்பட்டதும் அந்தப் பொருளைச் சுற்றியே இருந்தன. ஆகவே கொஞ்சம் இயந்திர விளக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சாதாரணமாக ஓடும்போது இவ்வகை வண்டிகளைப் பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளுகின்றன. சேறு, மணல், பனி வந்தால் ஓட்டுநர் தரையிலிருக்கும் இரண்டாவது லீவரைப் போடுவார். கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற இன்னொரு பெட்டி, எஞ்சினின் விசையில் ஒரு பங்கை முன்பக்கத்துக்கும் பிரித்து அனுப்பும். அந்த விசை ஒரு நீண்ட தண்டின் வழியாக முன் டிஃபரன்ஷியலுக்குச் சென்று, அங்கிருந்து இரண்டு அச்சுத்தண்டுகளாகப் பிரிந்து இரு முன்சக்கரங்களையும் அடைகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல சாலையில் முன்பக்கத்துக்கு விசை தேவையில்லாத போதும், சக்கரம் சுழலச் சுழல அதனோடு பிணைந்த தண்டுகளும் பற்சக்கரங்களும் வீணாகச் சுழன்றுகொண்டே இருக்கும். தேய்மானம், இரைச்சல், கொஞ்சம் கூடுதல் எரிபொருள். இரண்டாம் உலகப் போரின் ஜீப்புகள் அப்படித்தான் ஓடின. போர்க்களத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்து ஆயிரக்கணக்கான ஜீப்புகள் உபரிச் சரக்காக விற்கப்பட்டு, விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் அவற்றை நெடுஞ்சாலையில் ஓட்டத் தொடங்கியபோதுதான் அது ஒரு குறையாகத் தெரிந்தது. 1948-இல் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் வார்ன் என்பவர் இதற்கொரு தீர்வைச் செய்து விற்கத் தொடங்கினார். சக்கரத்துக்கும் அச்சுத்தண்டுக்கும் இடையே ஒரு பூட்டு. திறந்து வைத்தால் சக்கரம் தன்பாட்டுக்குச் சுழலும், அச்சுத்தண்டு சும்மா கிடக்கும். பூட்டினால் இரண்டும் ஒன்றாகும். சக்கரத்தின் நடுவே இருக்கும் திருகியைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு 'லாக்கிங் ஹப்' என்று பெயர். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் ஆரிகன் மாநிலத்திலிருந்து இயங்கிவருகிறது.

கையால் திருப்ப வேண்டும் என்றால் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். மழையிலும் பனியிலும் யார் இறங்குவது? எனவே எண்பதுகளில் பல நிறுவனங்கள் தானியங்கிப் பூட்டுகளைப் பொருத்தின. லீவரைப் போட்டதும் அச்சுத்தண்டு சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சியே உள்ளிருக்கும் ஒரு சாய்தளத் துண்டின் மேல் ஏறி, பல்வளையத்தைத் தள்ளி, சக்கரத்தோடு கோத்துவிடும். விடுவிப்பதற்கு, லீவரை எடுத்துவிட்டு வண்டியைப் பத்தடி பின்னோக்கி ஓட்டினால் போதும். கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் சேற்றில் சிக்கியவன் என்ன செய்வான்? முன்னும் பின்னுமாக வண்டியை ஆட்டித்தானே வெளியேறப் பார்ப்பான்? திசை மாறும் ஒவ்வொரு முறையும் இந்தப் பூட்டு ஒரு கணம் விடுபட்டு மறுபடி கோத்துக்கொள்ளப் போராடுகிறது. எங்கள் வண்டியில் இருந்ததைப் போன்ற பல மாதிரிகளில் அந்தச் சாய்தளத் துண்டு பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை.

யூட்டா மாநிலத்தின் தெற்கே கேப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் வடகோடியில் கதீட்ரல் வேலி என்ற பள்ளத்தாக்கு. அதைச் சுற்றிவரும் மண்பாதை ஏறக்குறைய 58 மைல். அந்தச் சுற்றை முழுதாக முடிக்க ஃப்ரீமான்ட் ஆற்றை வண்டியோடு கடக்க வேண்டும். சூரியன் கோயில், சந்திரன் கோயில் என்று பெயரிடப்பட்ட இரண்டு செம்மணற்பாறைகள் வெட்டவெளியில் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. கோயில் என்ற பெயர் பொருத்தமா என்ற சந்தேகத்தோடுதான் போனோம். அருகே நின்று அண்ணாந்து பார்த்தபோது சந்தேகம் எழவில்லை. விமானத்தின் கீழ் நிற்கையில் கழுத்து தானாகவே பின்னுக்குச் சாயுமே, அப்படிச் சாய்ந்தது.

2006 அக்டோபர். மூன்று வயது மகளோடு, தயிர்சாத டப்பாவும் ஐந்து காலன் தண்ணீருமாகக் காலையில் கிளம்பினோம். பிற்பகலில் மழை வரலாம் என்று தெரிந்தேதான் போனோம். யார் மேலும் பழி போட இடமில்லை. அந்த வறண்ட நிலத்தில் மழை என்ற சொல்லுக்கே அர்த்தம் குறைவு என்று எங்களுக்கு ஓர் அலட்சியம். அந்தப் பாதையின் பல பகுதிகள் பெண்டோனைட் என்ற களிமண்ணால் ஆனவை. என்றோ பொழிந்த எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் மாறி உருவான மண் அது. காய்ந்திருக்கும்போது பாப்கார்ன் போலப் பொருபொருவென்று நொறுங்கும். நனைந்தாலோ தன் அளவைப்போலப் பல மடங்கு உப்பி, உளுந்து மாவாகிவிடும். உரலிலிருந்து வழித்தெடுக்கையில் கையில் நிற்காமல் நழுவும் மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒன்றரை டன் வண்டி.

இரண்டு கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தூறல் விழுந்தது. நெடுஞ்சாலைக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. கால்மணி நேரத்தில் தூறல் மழையானது. சாம்பல் நிறக் குன்றுகளுக்கு நடுவே ஒரு சிறு ஏற்றம், பத்தாள் உயரம்கூட இராது. பாதி ஏறியதும் பின்பக்கம் பக்கவாட்டில் நழுவத் தொடங்கியது. எங்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர் இரண்டாவது லீவரைப் போட்டார். முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. வண்டி ஏறவில்லை. பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, மறுபடி பின்னால் எடுத்து ஆட்டிப் பார்த்ததில் பாதையோரப் பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கிவிட்டது.

எங்களில் அருகில் அமர்ந்திருந்தவர் மழையில் இறங்கி, சக்கரங்களைப் பார்த்தார். வண்டியை முன்னால் விடும்படி கை காட்டினார். பின்சக்கரம் ஒன்று சேற்றை வாரி இறைத்தது. முன்சக்கரங்கள் இரண்டும் அசையவே இல்லை.

"நீ லீவரைப் போடவே இல்லை."

"போட்டேன். லைட் எரியுது பார்."

"முன்சக்கரம் சுத்தவே இல்லை. என் கண்ணால பார்த்தேன்."

இவ்வளவுதான் உரையாடல். இதையே அந்த இரவு முழுக்க வெவ்வேறு சொற்களில், பிறகு சொற்களே இல்லாமல், பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் விளக்கைப் பார்த்திருந்தார். இன்னொருவர் சக்கரத்தைப் பார்த்திருந்தார். கண்ணால் கண்டதைப் பொய் என்று ஒருவர் சொன்னால் மனிதருக்கு எவ்வளவு கோபம் வரும் என்பதை இருவரும் ஒரே இரவில் அறிந்தோம். கைபேசியில் சமிக்ஞை இல்லை. அந்த வழியே வேறு வண்டி வருவதற்கும் இல்லை, வந்தாலும் ஏற முடியாது. மகளைத் தொட்டியிலிருந்த தார்ப்பாயால் சுற்றி நடுவே படுக்க வைத்தோம். எஞ்சினை மணிக்கொருமுறை பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டோம். புகைக்குழாயைச் சேறு அடைத்துவிட்டால் நச்சுப்புகை உள்ளே வரும் என்ற அச்சத்தில், ஒவ்வொரு முறையும் ஒருவர் இறங்கிக் கையால் சேற்றை வழித்துவிட்டு வந்தோம். முறை வைத்துத்தான். முறை யாருடையது என்பதில் மட்டும் அன்றிரவு எங்களுக்குள் சண்டை வரவில்லை.

நள்ளிரவுக்குப் பின் மழை விட்டது. வானம் திறந்துகொண்டது. அத்தனை நட்சத்திரங்களை நாங்கள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இருவரும் பார்த்தோம். "பாரேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் நண்பகல் வெயிலில் மண்ணின் மேல் ஓர் ஓடு படிந்தது. சமையல் தட்டால் பள்ளத்தைத் தோண்டி, சக்கரத்தின் கீழ் கால்மிதிகளையும் சீமைச் செடிகளின் சுள்ளிகளையும் போட்டு, பின்சக்கர விசையிலேயே எப்படியோ வெளியேறினோம். வண்டியின் அடியில் ஒட்டிய களிமண் சிமெண்ட் போல இறுகி, பல வாரங்கள் துண்டு துண்டாக எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கும் புகார் வந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு பழுதுநிலையத்தில் காட்டினோம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, லீவரைப் போட்டு, முன்சக்கரங்கள் இரண்டும் சுழல்வதைக் காட்டினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பதற்றத்தில் லீவரைப் போட மறந்திருப்பீர்கள் என்றார் அந்த மெக்கானிக். சிரித்துக்கொண்டு, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நூறு டாலருக்குக் குறையாமல் கொடுத்து அந்த வாக்கியத்தை வீட்டுக்கு வாங்கி வந்தோம். தீர்ப்பு ஒருவருக்குச் சாதகமாகிவிட்டது.

அதன்பின் வந்த குளிர்காலத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற கேள்வி, ஒருவருடைய வேலை, இன்னொருவருடைய தாயின் உடல்நிலை என்று எல்லா வீட்டிலும் இருக்கும் விஷயங்கள் எங்கள் வீட்டிலும் இருந்தன. எதைப் பேசினாலும் அது கடைசியில் அந்த ஏற்றத்தில் போய் நின்றது. எரிவாயு அடுப்பை அணைத்தாயா, வாடகைக் காசோலையை அனுப்பினாயா என்று ஒருவர் கேட்டால், மற்றவரின் காதில் அது "லீவரைப் போட்டாயா" என்றே விழுந்தது. செய்ததைச் செய்தேன் என்று சொல்லி நம்ப வைக்க முடியாதவரின் நிலை ஒன்று. நம்ப விரும்பியும் கண்ணால் கண்டதை விட முடியாதவரின் நிலை மற்றொன்று. இரண்டில் எது கடினம் என்று இன்றும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

2007 வசந்தத்தில் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவானது. முடிவு எடுப்பதில் சிரமம் இருக்கவில்லை, இருவருக்குமே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் விளம்பரம் எழுத உட்கார்ந்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டோம். நான்கு சக்கர இயக்கம் வேலை செய்கிறதா? செய்கிறது என்று எழுத ஒருவர் ஒப்பவில்லை. செய்யவில்லை என்று எழுத மற்றவர் ஒப்பவில்லை. வினோதம் என்னவென்றால், லீவரைப் போட்டேன் என்று சாதித்தவரே 'செய்யவில்லை' என்று எழுத வேண்டியவராகவும், போடவில்லை என்றவரே 'செய்கிறது' என்று எழுத வேண்டியவராகவும் இருந்தோம். இருவருக்கும் இது ஒரே நேரத்தில் உறைத்தது. அரை வருடத்துக்குப் பிறகு சேர்ந்து சிரித்தது அப்போதுதான் என்று நினைவு.

அடுத்த தெருவில் ஒரு முதியவர் இருந்தார். செப்புச் சுரங்கத்தில் கனரக வண்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வண்டியை வாங்குவதற்காகத்தான் பார்க்க வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, முதலில் அந்தத் தானியங்கிப் பூட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கையால் திருப்பும் பூட்டைப் போடுங்கள், பிறகு விற்பதா என்று யோசியுங்கள் என்றார். மாற்றுவதற்கான பெட்டி முந்நூறு டாலருக்குள் கிடைக்கும், தன் கொட்டகையில் கருவிகள் இருக்கின்றன, ஆனால் தன் முதுகு குனியாது, கைகள் உங்களுடையவையாக இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

ஒரு சனிக்கிழமை காலை தொடங்கினோம். வலப்பக்கச் சக்கரம் முதலில். ஜாக்கியில் தூக்கி, அச்சின் கீழ் தாங்கிகளை வைத்தோம் (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் கை நீட்டாதீர்கள் என்று முதியவர் மூன்று முறை சொன்னார், எனவே நாங்களும் ஒரு முறை சொல்லிவைக்கிறோம்). சக்கரத்தைக் கழற்றியதும், அதன் போல்ட்டுகளில் மெல்லிய தகட்டு வளையங்கள் மாட்டியிருந்தன. அவற்றைத் திருகி எடுத்ததும் தானியங்கிப் பூட்டின் உடல் அப்படியே உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. இவ்வளவு எளிதாகக் கழன்று வரும் ஒன்றையா அவ்வளவு நம்பியிருந்தோம் என்று தோன்றியது. உள்ளே அச்சுத்தண்டின் நுனியில் ஒரு சர்க்லிப். அதை விரித்து எடுத்ததும் ஒரு வளையம், ஓர் ஊசிப் பேரிங், அதன் பின்னால் அந்தப் பிளாஸ்டிக் சாய்தளத் துண்டு. அதுவும் நேராக இழுத்ததும் வந்தது. வலப்பக்கத் துண்டு முழுசாக இருந்தது. மஞ்சளேறி, பழைய சீப்பைப் போல, ஆனால் முழுசாக. நாங்கள் ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக் சொன்னது சரிதான் போலும் என்ற நினைப்பு எங்களில் ஒருவருக்கு வந்தது. அந்த நினைப்பு தன்னையே நோக்கி வந்ததால் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

சாய்தளத் துண்டின் பின்னால் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் பெரிய நட். அது சுழன்றுவிடாமல் இருக்க, அதற்கும் தண்டின் காடிக்கும் நடுவே ஒரு சிறிய சாவி செருகப்பட்டிருக்கும். காந்தக் கோலால் எடுக்க வேண்டும். வரவில்லை. நட்டை இம்மியளவு முன்னும் பின்னும் அசைத்தால் சாவி தளரும் என்றார் முதியவர், நாற்காலியில் அமர்ந்தபடி. தளர்ந்தது. கையால் திருப்பும் பூட்டுக்கு இந்த நட் ஒத்துவராது. அதற்குப் பதிலாக மூன்று துண்டுகள் பெட்டியில் வந்திருந்தன. உள் நட், ஓட்டைகள் நிறைந்த ஒரு தகட்டு வளையம், வெளி நட். உள் நட்டின் முகத்தில் ஒரு முளை இருக்கும். அந்த முளை தகட்டின் ஏதாவதோர் ஓட்டையில் அமர வேண்டும். அதன்மேல் வெளி நட்டைப் பலங்கொண்டு இறுக்கிவிட்டால் பேரிங் இருந்த இடத்தில் இருக்கும்.

இறுக்கும் முறையைத்தான் சொல்ல வேண்டும். முதலில் பிரேக் தட்டைக் கையால் சுழற்றிக்கொண்டே உள் நட்டை நன்றாக இறுக்க வேண்டும். பேரிங்கின் உருளைகள் தம் இடத்தில் போய் அமர அது தேவை. பிறகு கால் சுற்று தளர்த்த வேண்டும். அதன்பின் விரல் வலுவுக்குச் சற்றே கூடுதலாக, மெல்ல இறுக்கி நிறுத்த வேண்டும். இறுக்கியபடியே விட்டால் பேரிங் சூடேறிக் கருகும். தளர்த்தியபடியே விட்டால் சக்கரம் ஆடும். ஒருவர் தட்டைச் சுழற்ற, மற்றவர் இறுக்கினோம். ஒரு கையால் இரண்டையும் செய்பவர்கள் இருக்கலாம். எங்களால் முடியவில்லை. சுழற்றுபவரின் வேகத்துக்கு இறுக்குபவர் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறையில் சரியாக வந்தது.

பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதை அடைக்கும் வேலையை மகள் தனதென்று எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கு வழியே மறுபக்கம் பிதுங்கும் வரை ஊட்ட வேண்டும். வெண்ணெய் என்று சொல்லிச் சொல்லி ஊட்டினாள். அவளுடைய அந்தச் சட்டையை நெடுநாள் வைத்திருந்தோம்.

மாலை நான்கு மணிக்கு இடப்பக்கத்துக்கு வந்தோம். அதாவது இந்நாட்டில் ஓட்டுநர் அமரும் பக்கம். பூட்டின் உடலை உருவியதும் கிரீஸோடு சேர்ந்து மஞ்சளாக ஏதோ தரையில் விழுந்தது. பிளாஸ்டிக் சில்லு. நகத்தளவு. சாய்தளத் துண்டை இழுத்தோம். இரண்டாக வந்தது. விரிசல் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் அழுக்கேறியும் இருந்தது. நெடுநாளாகப் பாதி பிளந்திருந்து, பிறகு ஒரு நாள் முழுதாகப் பிளந்தது என்பதற்கு அடையாளம் என்றார் முதியவர். சுமையில்லாமல் தூக்கி நிறுத்தினால் சில வேளை கோத்துக்கொள்ளும், சுமை ஏறியதும் நழுவிவிடும். பழுதுநிலையத்தில் சுழன்றதற்குக் காரணம் கிடைத்தது.

ஆனால் ஒரு பக்கம்தானே உடைந்திருக்கிறது, வலப்பக்கம் முழுசாக இருந்ததே, அந்தச் சக்கரமாவது சுற்றியிருக்க வேண்டாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். யார் கேட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. முதியவர் டிஃபரன்ஷியலை விளக்கினார். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்ற வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பற்சக்கரத் தொகுதி அது. அதன் குணம், எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ அந்தப் பக்கத்துக்குச் சுழற்சியை விட்டுக்கொடுத்துவிடுவது. இடப்பக்கம் பூட்டு கோக்கவில்லை. எனவே இடப்பக்க அச்சுத்தண்டு வெறுமனே, தடையின்றி, சக்கரத்துக்குள்ளேயே சுழன்றது. எஞ்சின் அனுப்பிய விசையெல்லாம் அந்த வெற்றுச் சுழற்சியில் போய்விட்டது. வலப்பக்கம் ஒழுங்காகப் பூட்டியிருந்தும் அதன் சக்கரம் அசைய வழியில்லை. ஒரு பக்கம் விட்டுப்போனால் மறுபக்கம் எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் பயனில்லை என்று அவர் சொன்னபோது நாங்கள் இருவரும் வேறு வேறு திசைகளில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படியென்றால் விளக்கு?

விளக்குக்குச் செல்லும் கம்பி டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அங்கே லீவர் விழுந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். சக்கரம் பூட்டியதா என்பது அதற்குத் தெரியாது.

விளக்கு எரிந்தது உண்மை. சக்கரம் சுற்றாததும் உண்மை. ஆறு மாதம் ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைத்திருந்த இரண்டு பேரும் உண்மையையே சொல்லியிருந்தோம். மன்னிப்பு யார் கேட்பது என்ற சிக்கல் எழுந்தது. கைகள் கிரீஸில் தோய்ந்திருந்தன. ஒருவர் உடைந்த துண்டை மற்றவர் கையில் வைத்தார். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னும் இருக்கிறது. மேசை இழுப்பறையில், பழைய கடவுச்சீட்டுகளோடு.

இருட்டுவதற்குள் இடப்பக்கமும் முடிந்தது. புதிய பூட்டின் முகத்தில் ஒரு திருகி. 'ஃப்ரீ', 'லாக்' என்று இரண்டு சொற்கள். திருகியைத் திருப்பினால் உள்ளே ஒரு ஸ்பிரிங், பல்வளையத்தைத் தள்ளும். பற்கள் நேருக்கு நேர் இருந்தால் உடனே கோக்காது. வண்டி ஓரடி நகர்ந்ததும் 'டக்' என்று விழும். அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது மகள் கைதட்டினாள். விற்பனை விளம்பரத்தை யாரும் மறுபடி எழுதவில்லை. முதியவரும் வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அவர் வாங்கத்தான் வந்தாரா என்பதே எங்களுக்குச் சந்தேகம்.

இது ஒரு வெற்றிக் கதை என்று தோன்றிவிடக் கூடாது என்பதால் எங்கள் பிழையையும் பதிவு செய்கிறோம். பூட்டின் உட்புறத்துக்கு மெல்லிய பூச்சாகத்தான் கிரீஸ் இட வேண்டும் என்று பெட்டியில் வந்த தாளில் எழுதியிருந்தது. நாங்கள் தாராளமாக அடைத்துவிட்டோம். அடுத்த ஜனவரியில் உறைபனிக் காலையில் திருகி அசையவில்லை. கிரீஸ் கெட்டித்து மெழுகாகிவிட்டிருந்தது. வாகன நிறுத்தத்தில் குளிரில் மண்டியிட்டு, மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, துடைத்து, மாட்டினோம். கொடுமை என்னவென்றால் அடைத்தது யார் என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும், அவருக்கு இப்போதுதான் மூன்று முடிந்து நான்கு தொடங்கியிருந்தது.

கைப்பூட்டின் சங்கடங்களும் உண்மையானவை. சேறு வரும் முன்பே இறங்க வேண்டும். வந்தபின் இறங்கினால் முழங்கால் வரை புதைந்து, திருகியைத் தடவித் தேட வேண்டும். அதனால் பாதையைத் தொலைவிலிருந்தே பார்க்கும் பழக்கம் வந்தது. நெடுஞ்சாலைக்கு வந்தபின் திறக்க மறந்துவிட்டால் ஒன்றும் உடையாது, லீவர் எடுத்திருந்தால் போதும். முன்தண்டுகள் வீணாகச் சுழலும், அவ்வளவே. எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. பூட்டுகளைத் திறந்து வைத்தபடி லீவரை மிகக் குறைந்த கியருக்குப் போட்டால் பின்சக்கரங்கள் மட்டும் ஆமை வேகத்தில், பெரும் விசையோடு தள்ளும். காய்ந்த தரையில் முன்தண்டுகள் முறுக்கிக்கொள்ளாமல் குறுகிய இடத்தில் திருப்ப இது அருமையான உபாயம். தானியங்கிப் பூட்டில் இது வாய்க்காது. இப்போதைய பெரிய டிரக்குகள் சிலவற்றில் பொத்தானும் இருக்கிறது, சக்கரத்தின் நடுவே கையால் திருப்ப 'ஆட்டோ', 'லாக்' என்ற திருகியும் இருக்கிறது. செய்தவர்களுக்கே முழு நம்பிக்கை இல்லை போலும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

கதீட்ரல் வேலிக்கு 2009-இல் மறுபடி போனோம். பிறகு பலமுறை. மண்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்துவோம். ஓட்டுபவர் இடப்பக்கம் இறங்குவார், மற்றவர் வலப்பக்கம். அவரவர் சக்கரத்தைப் பூட்டுவோம். பிறகு வண்டியின் முன்னால் ஒருவரையொருவர் கடந்து போய், மற்றவர் பூட்டியதைத் தொட்டுப் பார்ப்போம். யார் மேலும் சந்தேகம் இல்லை. எப்படியோ தொடங்கிய பழக்கம், நிறுத்தத் தோன்றவில்லை.

மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது கடந்துவிட்டது. சென்ற இலையுதிர் காலத்தில் தோழி ஒருத்தியோடு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போனாள். மறுநாள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கோயில்களின் படமாக இருக்கும் என்று திறந்தோம். சேறு தெறித்த முன்சக்கரம், அதன் நடுவில் திருகி, 'லாக்' என்ற சொல்லுக்கு நேராக. அடியில் ஒரு வரி: "அம்மா, அப்பா, இந்தப் பக்கம் நான் பார்த்துட்டேன். அந்தப் பக்கம் அவ பார்த்துட்டா. இப்போ மாத்திப் பார்க்கப் போறோம்."